யோகாவும் தியானமும்: சனிக்கிழமை வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் ஒரு சமூக மன்றத்தின் இரண்டாம் மாடி அறையில் சனிக்கிழமைதோறும் காலையில் தமிழில் யோகா வகுப்பு நடத்திவருகிறேன். தொடங்கி 11 ஆண்டுகள் ஆகின்றன. முழங்கால் வலி, முதுகுப் பிடிப்பு பற்றிய சந்தேகங்களை எல்லார் முன்னிலையிலும் கேட்பார்கள். தியானத்தைப் பற்றியும் கடவுளைப் பற்றியும் கேட்க வேண்டியதை, மற்றவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே போகும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். அப்படிக் கேட்கப்பட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். அறை வாசலில் அவசரமாகச் சொன்ன பதில்கள் உட்கார்ந்து எழுதும்போது சில இடங்களில் நீண்டுவிட்டன.

யோகா உடற்பயிற்சிதானே? அதில் ஆன்மிகம் எங்கிருந்து வந்தது?

ஆன்மிகம் முதலிலிருந்தே அங்கேதான் இருந்தது. உடற்பயிற்சிதான் பிறகு வந்து முன்வரிசையில் இடம்பிடித்தது. பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் இருப்பவை 195 சூத்திரங்கள் (சில பதிப்புகளில் 196). அவற்றில் ஆசனத்தைப் பற்றிப் பேசுபவை மூன்றே மூன்று. இருக்கை உறுதியாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும். இறுக்கத்தைத் தளர்த்தி மனத்தை எல்லையற்றதில் நிறுத்த வேண்டும். அப்போது வெப்பம், குளிர் போன்ற இரட்டைகள் தாக்குவதில்லை. அவ்வளவுதான். யோகம் என்றால் என்ன என்பதை இரண்டாவது சூத்திரத்திலேயே சொல்லிவிடுகிறார்: சித்தத்தின் அலைகள் அடங்குவது.

நம் திருமூலரும் இதே வழியில்தான் போகிறார். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம், இயமம், நியமம், ஆதனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என்னும் எட்டு உறுப்புகளையும் தமிழில் விரித்துச் சொல்கிறது. அதற்காக அவர் உடம்பை ஒதுக்கிவைக்கவில்லை. முன்பு உடம்பை இழுக்கு என்று எண்ணியிருந்ததாகவும், பிறகு அதற்குள்ளேயே உறுபொருளைக் கண்டதாகவும் பாடுகிறார். ‘உடம்பை வளர்த்தேன் உயிர்வளர்த் தேனே’ என்ற அவருடைய வரியைச் சொல்லாமல் எந்தப் புதிய மாணவருக்கும் நான் முதல் வகுப்பைத் தொடங்கியதில்லை.

இன்று உலகெங்கும் கற்பிக்கப்படும் ஆசன வரிசைகள் பலவும் 1930களில் மைசூர் அரண்மனையில் பயிற்சி அளித்த டி. கிருஷ்ணமாச்சாரியாரிடமிருந்தும் (1888–1989) பி.கே.எஸ். ஐயங்கார், பட்டாபி ஜோயிஸ் ஆகிய அவருடைய மாணவர்களிடமிருந்தும் பரவியவை. இன்னொரு கிளை நமக்கு மிகப் பக்கத்தில் ஓடியிருக்கிறது. ரிஷிகேஷில் 1936இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தைத் தொடங்கிய சுவாமி சிவானந்தர், திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில் 1887இல் பிறந்தவர். துறவியாவதற்கு முன் ஏறத்தாழ 10 ஆண்டுகள் மலாயாவில் மருத்துவராக இருந்தார். முதலில் சிரம்பான் பக்கத்துத் தோட்ட மருத்துவமனையில், பிறகு ஜோகூர் பாருவில். 1923இல் ஊர் திரும்பித் துறவை நாடிப் போனார். எங்கள் மன்றத்திலிருந்து சற்றுத் தூரம் நடந்தால் நீரிணைக்கு அந்தப் பக்கம் தெரியும் ஊரில், நோயாளிகளின் நாடியைப் பிடித்துப் பார்த்துப் பழகிய கை அவருடையது. பத்தமடை கோரைப் பாய்க்குப் பேர்போன ஊர் என்பதும், வகுப்பில் வரிசையாகப் பாய்களை விரிக்கும்போதெல்லாம் என் நினைவுக்கு வரும்.

கண்ணை மூடினால் எண்ணங்கள் இன்னும் கூடுகின்றன. எனக்குத் தியானம் வராது என்று தோன்றுகிறது.

11 ஆண்டுகளில் மிக அதிகமாகக் கேட்ட கேள்வி இதுதான். கேட்பவர்களின் முகத்தில் ஒரு குற்ற உணர்ச்சி இருக்கும், தங்களுக்கு மட்டும் ஏதோ குறை என்பதைப்போல.

குறை ஏதும் இல்லை. எண்ணங்கள் கூடவில்லை, அவை எப்போதும் அந்த அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தன. வேலை, தொலைக்காட்சி, கைத்தொலைபேசி, பேச்சு என்று மேலே இருந்த சத்தம் நின்றதும் கீழே ஓடிக்கொண்டிருந்தது கேட்கிறது. நள்ளிரவில் எல்லாரும் தூங்கிய பிறகு குளிர்சாதனப் பெட்டியின் முனகல் கேட்கிறதே, அதுபோல. அது பகலிலும் முனகிக்கொண்டுதான் இருந்தது.

தாயுமானவர் ஒரு பாடலில், மதயானையை வசப்படுத்தலாம், கரடி புலிகளின் வாயைக் கட்டலாம், சிங்கத்தின் முதுகில் ஏறலாம், பாம்பை எடுத்து ஆட்டலாம் என்று அடுக்கிக்கொண்டே போய், ‘சிந்தையை அடக்கியே சும்மா இருக்கின்ற திறம் அரிது’ என்று முடிக்கிறார். கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் அர்ச்சுனன், மனத்தை அடக்குவது காற்றை அடக்குவதுபோல் இருக்கிறது என்று கண்ணனிடம் முறையிடுகிறான். கண்ணன் அதை மறுக்கவில்லை. கடினம்தான், ஆனால் பயிற்சியாலும் பற்றின்மையாலும் கைகூடும் என்கிறான். அர்ச்சுனனே தடுமாறிய இடத்தில், இரண்டு பிள்ளைகளின் தேர்வும் வீட்டுக் கடனும் மாமியாரின் மருத்துவமனைச் சந்திப்பும் மனத்தில் வைத்துக்கொண்டு உட்காரும் நீங்கள் தடுமாறுவதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

எண்ணம் இழுத்துக்கொண்டு போய்விட்டது என்று தெரிகிறதல்லவா? அந்தத் தெரிதல்தான் தியானத்தின் உயிர்நாடி. மனம் ஐம்பது முறை போனால் ஐம்பது முறை திரும்பி வாருங்கள். திரும்பி வருவது ஒவ்வொன்றும் ஒரு பயிற்சி. போனதற்காக உங்களைத் திட்டிக்கொண்டால், அந்தத் திட்டும் இன்னோர் எண்ணமாகச் சேர்ந்துகொள்ளும்.

சரி, முதல் நாள் என்ன செய்வது?

பத்து நிமிடம் போதும். அதற்கு முன் தோளையும் கழுத்தையும் சுழற்றி, பூனை முதுகை வளைப்பதுபோல் நான்கைந்து முறை முதுகை வளைத்து நிமிர்த்துங்கள். ஆசனம் செய்பவராக இருந்தால் செய்து முடித்துச் சவாசனத்தில் (உடம்பைத் தளர்த்தி மல்லாந்து கிடப்பது) ஐந்து நிமிடம் கிடந்துவிட்டு எழுந்து உட்காருங்கள். சவாசனத்தைப் பலர் ஓய்வு என்று நினைத்துப் பாதியில் எழுந்து பையைத் தேடுகிறார்கள். எனக்கு அது மனவருத்தம் தரும். அதுவரை செய்த எல்லாவற்றையும் உடம்பு வாங்கிக்கொள்ளும் நேரம் அது.

உட்காரும்போது இடுப்புக்குக் கீழே ஒரு மடித்த போர்வையோ தடித்த தலையணையோ வையுங்கள். இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயர்ந்தால் முதுகு தானாக நிமிரும். முகவாயைச் சிறிது உள்ளே இழுங்கள். கைகள் தொடைமேல் கிடக்கட்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தொடும் சின்முத்திரை பிடிக்க விரும்பினால் பிடியுங்கள், இல்லாவிட்டாலும் குறைவில்லை.

இப்போது மூச்சு. அதை நீளமாக்க வேண்டாம், ஆழமாக்க வேண்டாம். மூக்கின் நுனிக்குக் கீழே, மேலுதட்டுக்குச் சற்று மேலே, உள்ளே போகும் காற்று குளிர்ச்சியாகவும் வெளியே வருவது சற்று வெதுவெதுப்பாகவும் படும். அந்த இடத்தில் கவனத்தை வைத்து, வெளிமூச்சை ஒன்று, இரண்டு என்று பத்துவரை எண்ணுங்கள். பத்து வந்ததும் மறுபடி ஒன்று. எண்ணிக்கை தவறினாலும் மறுபடி ஒன்று. பதினேழு, பதினெட்டு என்று எண்ணிக்கொண்டு போயிருப்பதைக் கண்டுபிடித்தால் அமைதியாக ஒன்றுக்குத் திரும்புங்கள்.

என் வகுப்புக்கு ஒரு டாக்சி ஓட்டுநர் வருகிறார், அறுபதைத் தாண்டியவர். முதல் மாதம் அவர் கண்ணை மூடி அசையாமல் அமர்ந்திருந்தார், மூச்சு சீராக இருந்தது. வலக் கையின் கட்டைவிரல் மட்டும் ஆள்காட்டி விரலின்மேல் கீழிருந்து மேலாகத் தேய்ந்துகொண்டே இருந்தது. கைத்தொலைபேசித் திரையைத் தள்ளும் அதே அசைவு. அண்ணே, விரல் என்று மெதுவாகச் சொன்னேன். கண்ணைத் திறந்து தன் கையைப் பார்த்தவர், வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மனம் உடம்புக்குள் எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்பதை எந்த நூலும் எனக்கு அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

தரையில் சம்மணம் போட முடியாதவர்கள்?

நாற்காலியில் அமருங்கள். இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும், முதுகு சாயாமல் இருக்க வேண்டும். முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் பத்மாசனத்துக்கு ஆசைப்படவே வேண்டாம்.

பிரம்ம முகூர்த்தத்தில் எழுந்தால்தான் பலனா? அதிகாலை 4 மணிக்கு எழ முடியவில்லை.

சிங்கப்பூரில் 4 மணிக்கு எழவே வேண்டியதில்லை. இதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு முகூர்த்தம் என்பது 48 நிமிடம். சூரிய உதயத்துக்கு இரண்டு முகூர்த்தங்களுக்கு முன், அதாவது 96 நிமிடங்களுக்கு முன் பிரம்ம முகூர்த்தம் தொடங்கி, உதயத்துக்கு 48 நிமிடங்களுக்கு முன் முடிகிறது. தமிழ்நாட்டில் சூரியன் ஏறத்தாழ 6 மணிக்கு உதிப்பதால் அங்கே அது நாலரை மணியை ஒட்டி வருகிறது. பாட்டிமார் சொன்ன கணக்கும் அதுதான். சிங்கப்பூரிலோ ஆண்டு முழுவதும் உதயம் 7 மணியை ஒட்டியே நிகழ்கிறது. இந்தத் தீவு இருக்கும் இடத்தைப் பார்த்தால் கிரீன்விச் நேரத்துக்கு ஏறத்தாழ 7 மணி நேரம் முன்னால் இருக்க வேண்டும். 1982 முதல் கடிகாரத்தை 8 மணி நேரம் முன்னால் வைத்திருக்கிறோம். ஆகவே இங்கே பிரம்ம முகூர்த்தம் சுமார் 5.25 முதல் 6.10 வரை.

ஊரிலிருந்து வந்த பழக்கத்தில் 4 மணிக்கு அலாரம் வைத்து, தூக்கம் கெட்டு, வேலையிடத்தில் தள்ளாடியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஐந்தரைக்கு எழுந்தால் போதும் என்று சொன்னதும் அவர்கள் முகம் மலர்ந்துவிடும்.

இரவு வேலை பார்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கும் வேண்டாம். தூங்கி எழுந்த பிறகு, சாப்பிடுவதற்கு முன், தினமும் அதே இடம், அதே நேரம். நீண்ட காலம், இடைவிடாமல், அக்கறையோடு செய்த பயிற்சிதான் வேரூன்றும் என்று பதஞ்சலி மூன்று நிபந்தனைகளைச் சொல்கிறார். கடிகார முள் அந்த மூன்றில் இல்லை.

வீட்டில் இடமும் இல்லை, அமைதியும் இல்லை. என்ன செய்வது?

மூவறை வீட்டில் ஆறு பேர் வாழும்போது பூசையறைக்கு இடம் கேட்பது பேராசை என்று எனக்குத் தெரியும். ஒரு பாய் விரிக்கும் இடம் வேண்டாம், ஒருவர் உட்காரும் இடம் போதும். துணி காயும் சமையலறைப் பின்பக்கம், படுக்கையின் ஓரம், பிள்ளைகளின் மேசைக்கும் அலமாரிக்கும் நடுவே உள்ள இடுக்கு. இடத்தை மட்டும் மாற்றாதீர்கள். ஒரே மூலையில் நாற்பது நாள் உட்கார்ந்தால், அந்த மூலையைப் பார்த்ததுமே மூச்சு தணியத் தொடங்கும்.

சத்தத்தைப் பொறுத்தவரை, மேல்வீட்டில் நாற்காலி இழுபடும், எதிரே மறுசீரமைப்பு வேலையில் துளையிடுவார்கள், விரைவுச்சாலை இரைந்துகொண்டே இருக்கும். சத்தத்தோடு சண்டை போடாதீர்கள். கேட்கிறது என்று மட்டும் குறித்துக்கொண்டு மூச்சுக்குத் திரும்புங்கள். துளையிடும் சத்தத்தைவிட, இவன் எப்போது நிறுத்துவான் என்ற எண்ணம்தான் அதிகத் தலைவலி தரும். வெளியே போக விரும்பினால் பூமலையில் (தாவரவியல் பூங்கா) விடியற்காலை நல்ல நேரம். பார்ட்லி சாலையில் உள்ள ராமகிருஷ்ண மிஷன் 1928 முதல் இந்நாட்டில் இயங்கிவருகிறது. அதன் கோயிலில் அரைமணி நேரம் உட்கார்ந்து எழுந்து வந்த நாள்கள் எனக்கு நிறைய உண்டு. கேலாங் ஈஸ்ட் சிவன் கோயிலில், சந்நிதிச் சுற்றின் தெற்குப் பக்கம் நின்று தட்சிணாமூர்த்தியைக் கும்பிடுபவர்கள் விளக்கு வைத்துவிட்டு உடனே நகர்ந்துவிடுகிறார்கள். அவர் வாய் திறக்காமல் கற்பித்த குரு. அவர் முன்னால் ஐந்து நிமிடம் சும்மா அமர்வதுதான் அவருக்கு ஏற்ற வழிபாடு என்று நான் நம்புகிறேன்.

நான் தங்குவிடுதியில் இருக்கிறேன். 12 மணி நேர வேலை. இதெல்லாம் எனக்கு முடியுமா?

புதுக்கோட்டையிலிருந்து வந்து கட்டுமானத் தளத்தில் வேலை பார்க்கும் ஒரு தம்பி இதைக் கேட்டார். உடம்பு பகல் முழுவதும் வேலை செய்துவிட்டது, ஆகவே ஆசனம் என்று பெரிதாக எதையும் நான் சொல்லவில்லை. முதுகைத் தரையில் கிடத்தி, கால்களைச் சுவரில் சாய்த்து ஏழெட்டு நிமிடம் படுக்கச் சொன்னேன். பிறகு அதே பத்துவரை எண்ணும் மூச்சு. லாரியில் போகும்போது எண்ணுகிறேன் அக்கா, உட்லண்ட்ஸிலிருந்து துவாஸ் போய்ச் சேர்வதற்குள் எத்தனை பத்து வரும் என்று எனக்குத் தெரியும் என்று அடுத்த மாதம் சொன்னார். கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, உழைத்துச் சாப்பிடும் குடும்பத்தாருக்கென்றே மனவளக்கலையை வகுத்துத் தந்த வேதாத்திரி மகரிஷி (1911–2006) இந்தத் தம்பியைப் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

மூச்சுப் பயிற்சியை இணையத்தில் பார்த்துச் செய்யலாமா?

மெதுவான மூச்சு என்றால் செய்யலாம். நான்கு எண்ணும்வரை உள்ளே இழுத்து, ஆறு எண்ணும்வரை வெளியே விடுவது பெரும்பாலோருக்குக் கெடுதல் செய்யாது. வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணிகிறது, நரம்புகள் இளகுகின்றன. இடமும் வலமும் மாற்றி விடும் நாடிசுத்தியையும் மூச்சைப் பிடித்து நிறுத்தாமல் செய்தால் நல்லது.

கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேகமான பயிற்சிகளும் மூச்சை உள்ளே நிறுத்தும் கும்பகமும் வேறு விஷயம். உயர் இரத்த அழுத்தம், இதய நோய், வலிப்பு உள்ளவர்களும் கருவுற்ற பெண்களும் அவற்றைத் தொட வேண்டாம். கண் அழுத்த நோய் உள்ளவர்கள் தலைகீழ் ஆசனங்களையும் சேர்த்துத் தவிர்க்க வேண்டும். பலதுறை மருந்தகத்தில் உங்களைப் பார்க்கும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வந்தால் எனக்கும் நிம்மதி. காற்றைப் பிடிக்கும் கணக்கை அறிந்தவர் இல்லையே என்று திருமூலர் ஆதங்கப்படுகிறார். கணக்கு தெரியாமல் பிடித்தால் என்ன ஆகும் என்பதும் அந்த ஆதங்கத்தில் அடக்கம்.

புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் வெளியில் பயிற்சி வேண்டாம். சன்னலைச் சாத்திவிட்டு உள்ளே சும்மா அமருங்கள்.

நான் முஸ்லிம். நான் கிறிஸ்தவர். இது எங்கள் சமயத்துக்கு முரணாகாதா?

இந்தக் கேள்வியைக் கேட்பவரின் நேர்மையை மதிக்கிறேன். யோகா எல்லா மதத்துக்கும் பொது என்று ஒரே வரியில் மூடிவிட எனக்கு மனம் வருவதில்லை. அது இந்திய மண்ணின் சமய மரபுகளுக்குள் வளர்ந்தது. அதில் ஓங்காரம் உண்டு, சூரியனை வணங்குவது உண்டு. மலேசியாவில் இஸ்லாமிய மார்க்கத் தீர்ப்பு வழங்கும் தேசிய ஃபத்வா மன்றம் 2008இல், மந்திரமும் வழிபாட்டுக் கூறுகளும் கலந்த யோகா முஸ்லிம்களுக்கு ஆகாது என்று அறிவித்தது. ஆகவே உங்களுக்குத் தயக்கம் இருந்தால் உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேளுங்கள். அவர் சொல்வதே உங்களுக்கு முடிவு, என் வற்புறுத்தல் இருக்காது. என் வகுப்பில் வரும் ஒரு தமிழ் முஸ்லிம் அக்கா கை கால்களை நீட்டி மடக்கும் பயிற்சிகளையும் மூச்சைக் கவனிப்பதையும் மட்டும் செய்கிறார். ஓம் சொல்லும் நேரத்தில் அமைதியாக இருப்பார். அதை நாங்கள் யாரும் வித்தியாசமாகப் பார்த்ததில்லை.

கிறிஸ்தவர்களுக்கு ஒரு கதை சொல்வேன். 1950களின் நடுவில் மலாயாவில் பிரிட்டிஷ் அரசுப் பணியில் இருந்த ஜான் மெயின் என்பவர், கோலாலம்பூரில் சுவாமி சத்தியானந்தரைச் சந்தித்தார். தியானம் கற்றுக்கொள்ள விரும்பினார், தாம் கிறிஸ்தவர் என்பதையும் சொன்னார். சுவாமி அவரை மதம் மாறச் சொல்லவில்லை. தியானம் உங்களை இன்னும் நல்ல கிறிஸ்தவராக்கும் என்ற கருத்தில் பேசி, கிறிஸ்தவச் சொல் ஒன்றையே மந்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னார். பிற்காலத்தில் ஜான் மெயின் பெனடிக்ட் சபைத் துறவியானார். தொடக்கக் காலக் கிறிஸ்தவத் துறவிகளின் எழுத்துகளிலும் அதே முறையைக் கண்டார். 1982இல் இறக்கும்வரை அதைக் கற்பித்தார். அவர் கற்பித்த சொல் ‘மாரநாதா’. ஆண்டவரே வாரும் என்று பொருள். நமக்குப் பக்கத்து நாட்டில் நடந்த சந்திப்பு இது.

கடவுள் நம்பிக்கை இல்லாதவர் தியானம் செய்யலாமா?

தாராளமாக. பதஞ்சலி ஈசுவரனைச் சரணடைவதை ஒரு வழியாகச் சொல்லிவிட்டு, வேறு வழிகளையும் அடுக்கி, கடைசியில் அவரவர்க்குப் பிடித்த எதையும் தியானிக்கலாம் என்று கதவைத் திறந்துவைக்கிறார். மூச்சு எல்லாருக்கும் ஓடுகிறது.

மந்திரத்தைத் தமிழில் சொல்லலாமா?

சொல்லலாம். திருமூலரே தமிழில்தானே யோகம் சொன்னார்? ‘நமசிவாய’ சொல்பவர்கள் சொல்லட்டும், முருகன் பெயர் பழகியவர்கள் அதையே பற்றிக்கொள்ளட்டும், தேவாரத்தில் ஒரு வரி நெஞ்சில் தங்கியிருந்தால் அதைவிட நல்லது வேறில்லை.

மந்திரத்தைவிட நான் கவனிப்பது எண்ணிக்கையை. இங்கே பள்ளியில் படித்த பிள்ளைகள் பலர் மூச்சை ஆங்கிலத்தில் எண்ணுகிறார்கள். தவறொன்றும் இல்லை. ஆனால் ஒரு வாரம் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பார்க்கச் சொல்வேன். பல்லாங்குழி ஆடும்போதும் படிக்கட்டு ஏறும்போதும் பாட்டியோடு எண்ணிய எண்கள் அவை. ஒரு மாணவி, எண்ணத் தொடங்கியதும் பாட்டி வீட்டு மஞ்சள் வாசனை வந்ததாகச் சொல்லிக் கண் கலங்கினாள். அலுவலக மொழியில் எண்ணினால் சிலருக்கு அலுவலகமும் கூடவே வந்து உட்கார்ந்துவிடுகிறது.

புருவமத்தியில் ஒளி தெரிகிறது, உடம்பு அதிர்கிறது. குண்டலினி (உடம்புக்குள் உறங்குவதாக யோக மரபு சொல்லும் சக்தி) எழுந்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. மூடிய கண்ணுக்குள் நிறங்களும் புள்ளிகளும் தெரிவது இயல்பு. தூக்கத்தின் விளிம்பில் உருவங்கள் தோன்றுவதும் கை கால் திடீரென்று துள்ளுவதும் அப்படியே. ஒருபக்கமாக அழுத்தி உட்கார்ந்தால் கால் மரத்து அதிரும்.

இதைச் சொன்னால் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். ஆனாலும் சொல்வது என் கடமை, ஏனென்றால் ஒளியைத் தேடத் தொடங்கியவர்கள் மூச்சை விட்டுவிடுகிறார்கள். சித்திகள், அதாவது அற்புத ஆற்றல்கள், சமாதிக்கு இடையூறு என்று பதஞ்சலியே எச்சரிக்கிறார். வத்திக்கான் 1989இல் வெளியிட்ட கடிதமும் தியானத்தில் வரும் இதமான உணர்வுகளைப் பரிசுத்த ஆவியின் வரம் என்று எண்ணி ஏமாற வேண்டாம் என்கிறது. இவ்வளவு தூரம் விலகி நிற்கும் இரண்டு மரபுகள் ஒரே இடத்தில் கைகாட்டும்போது நாம் நின்று கேட்க வேண்டும். ஒளி வந்தால் வரட்டும், போனால் போகட்டும்.

தியானத்தில் அழுகை வருகிறது. சில நேரம் பயமாக இருக்கிறது.

அழுகை வந்தால் அழுங்கள். பல ஆண்டுகளாக அடக்கிவைத்தது இளகும்போது கண்ணீராகத்தான் வரும். என் தாயார் இறந்த ஆண்டு முழுவதும் நானும் ஒவ்வொரு காலையும் அழுதுகொண்டுதான் உட்கார்ந்தேன்.

பயம் வேறு. நெஞ்சு படபடத்து மூச்சு முட்டினால், பழைய கொடுமையான நினைவுகள் வெள்ளமாக வந்தால், குரல்கள் கேட்டால், கண்ணைத் திறந்துவிடுங்கள். எழுந்து நடங்கள், குளிர்ந்த நீரில் முகம் கழுவுங்கள், பக்கத்தில் இருப்பவரிடம் பேசுங்கள். அன்றைய தியானம் அதோடு முடிந்தது. மறுபடியும் நேர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். மனநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் தியானத்தை நம்பி மருந்தை நிறுத்தக் கூடாது. இதை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால், சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர் அமைப்பின் 1767 என்ற எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். யோகா ஆசிரியரைவிட அவர்கள் அந்த நேரத்துக்குத் தகுந்தவர்கள்.

குரு கட்டாயம் வேண்டுமா? நல்லவரை எப்படி அறிவது?

தொடங்குவதற்கு ஒரு நல்ல ஆசிரியர் போதும். குரு வர வேண்டிய நேரத்தில் வருவார். சுவரில் மாட்டியிருக்கும் 200 மணி நேர ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் ஒரு நுழைவுச் சீட்டு, அவ்வளவுதான். 200 மணி நேரத்தில் உடம்பின் எலும்புகளைக்கூட முழுதாகப் புரிந்துகொள்ள முடியாது.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு யோகா நிலையத்தில், முன்னால் குனிந்திருந்த என் முதுகின்மேல் ஆசிரியர் தம் முழு எடையையும் வைத்து அழுத்தினார். தொடையின் பின்தசை கிழிந்து நான்கு மாதம் நொண்டினேன். வலிக்கிறது என்று சொன்னபோது, அது அகங்காரம் உடையும் வலி என்றார். அன்றிலிருந்து என் அளவுகோல் எளிதாகிவிட்டது. வலிக்கிறது என்று சொன்னால் கையை எடுப்பவர் ஆசிரியர். கேள்வி கேட்டால் முகம் சுளிப்பவர், வீட்டாரிடம் சொல்லாதே என்பவர், அடுத்த நிலைக்குத் தீட்சை என்று கட்டணத்தை ஏற்றிக்கொண்டே போபவர், தொடுவதற்கு முன் அனுமதி கேட்காதவர், இவர்களிடமிருந்து விலகுங்கள். எட்டு உறுப்புகளில் முதலாவது இயமம், அதிலும் முதலாவது அகிம்சை. அதில் தவறியவரிடம் ஏழாவது உறுப்பைக் கற்கப் போக வேண்டாம்.

சைவ உணவு கட்டாயமா?

நான் நிபந்தனை வைப்பதில்லை. நிறைந்த வயிற்றோடும் மது அருந்திவிட்டும் உட்கார முடியாது என்பதை உடம்பே சொல்லிக்கொடுத்துவிடும். மீன் குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டே தொடங்கியவர்கள் பலர் என் வகுப்பில் உண்டு. சிலர் தாமாக விட்டார்கள், சிலர் விடவில்லை.

எத்தனை நாளில் பலன் தெரியும்?

தூக்கம் சில வாரங்களில் சீராகலாம். மற்றவை உங்களுக்குத் தெரிவதற்கு முன் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும். முன்பு சொன்ன டாக்சி ஓட்டுநரின் மனைவி ஒரு தீபாவளிச் சந்தையில் என்னைப் பார்த்துக் கையைப் பிடித்துக்கொண்டார். இவர் இப்போதெல்லாம் மின்தூக்கியில் ஏறியதும் கதவு மூடும் பொத்தானை அழுத்திக்கொண்டே நிற்பதில்லை, யாராவது ஓடிவந்தால் திறந்து பிடிக்கிறார் என்றார். முப்பத்தைந்து ஆண்டுகளாக அவர் அந்தப் பொத்தானை அழுத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். ஒளி தெரிந்ததாக என்னிடம் சொன்ன எவரைப் பற்றியும் நான் இவ்வளவு மகிழ்ந்ததில்லை.

நடுவில் ஏழெட்டு மாதம் விட்டுவிட்டேன். மறுபடி வரக் கூச்சமாக இருக்கிறது.

வாருங்கள். யோகத்துக்கு வரும் தடைகளைப் பதஞ்சலி ஒன்பதாக எண்ணும்போது, நோய், சோம்பல், சந்தேகம், அடைந்த நிலையில் நிற்க முடியாமை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் எண்ணியிருக்கிறார். ஏன் வரவில்லை என்று நான் கேட்க மாட்டேன். கடைசியாகச் செய்த இடத்திலிருந்து தொடராமல், பத்து நிமிடம், வெளிமூச்சு ஒன்று என்று தொடங்குங்கள். இரண்டு மணி நேரத்துக்கு முன் சாப்பிட்டு முடித்திருங்கள். பாய் இல்லாவிட்டால் ஒரு பெரிய துண்டு கொண்டுவாருங்கள். நாற்காலிகள் கதவுக்குப் பக்கத்தில் அடுக்கியிருக்கும், ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.